வானம் எவர் சொத்து?

“செய்மதி பார்ப்பது விஞ்ஞானபீடத்தார் வேலை; கலைப்பீடத்தானுக்கு அது எதற்கு?” என வினவுவோர் எம்மிடையே உளர். 1956இல் அமெரிக்காவில் தொடங்கிய மூன்வோச் இயக்கத்திற் செய்மதிகளை நோக்கியோருள் பாடசாலை மாணவரும் இருந்தனர். 2015 நவம்பர் 13ஆந் திகதி, டபிள்யூரி 1190 எவ் என்னும் விண்குப்பை தென்னிலங்கைக் கடலுக்கு மேலே எரிந்து வீழ்ந்தபோது, அதனைக் காண அபுதாபியிலிருந்து விமானமேறி வந்தனர் அந்நிய ஆய்வாளர். நம்மிற் பலரோ செய்தியாய் வாசித்ததோடு அமைந்தோம்.

வெள்ளவத்தைக் கடற்கரையில் அந்தியில் நிற்பவனுக்கு வேண்டியவை கூரிய கண்ணும் கடிகாரமும் குறிப்பேடுமே. வீழவிருக்கும் செய்மதி தாழத் தாழ விரைவு கூடிக் கணித்த நேரத்துக்கு முன்னரே குறித்த விண்மீனைக் கடக்கும். அச்சில விநாடி வேறுபாட்டைப் பதிவதே அவதானம். இதற்கு எந்தப் பீடத்தின் அனுமதி வேண்டும்? கொட்டாஞ்சேனையில் விளக்கொளி மிகையென்பர். பெரிய உரொக்கெற்றுகளின் வெற்றுடல்கள் பல அவ்வொளியையும் மீறித் தெரிவன.