விபத்து எங்கே? காமிரா சொல்லும்!

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை போகிறது. சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் சாலை இது.

நள்ளிரவில் அங்கே ஒரு கார் கவிழ்ந்தது என்று வைத்துக்கொள்வோம். வழியில் வந்த வெளியூர்க்காரர் 108-க்குப் போன் செய்கிறார்.

"எந்த இடம்?"

"உப்பளத்துக்குப் பக்கம்!"

எந்த உப்பளம்? சாலையின் இரு பக்கமும் உப்புப் பாத்திதானே! இடம் தெரிவதற்குள் உயிர் போய்விடலாம்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் சாலை ஓரக் காமிரா.

46 கிலோ மீட்டர்

மரக்காணம் முதல் புதுச்சேரி வரை 46 கிலோ மீட்டர் தூரத்தை நான்கு வழிச் சாலை ஆக்க, 2025 ஆகஸ்டில் மத்திய மந்திரிசபை அனுமதி கொடுத்தது. செலவு 2,157 கோடி ரூபாய். சாலை அகன்றால் வேகம் கூடும். காவலும் கூட வேண்டும் அல்லவா?

பெரிய நெடுஞ்சாலைகளில் கிலோ மீட்டருக்கு ஒரு காமிரா வேண்டும் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2023-ல் விதி வகுத்தது.

கம்ப்யூட்டர் காவல்

1961-லேயே அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரச் சாலையில் 14 டெலிவிஷன் காமிராக்கள் வைத்தார்கள். ஆனால் ஆட்கள் உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. ஓடும் பாதையில் வண்டி நின்றாலும், எதிர்த் திசையில் வந்தாலும், மாடு குறுக்கிட்டாலும் அது எச்சரிக்கும். ஒவ்வொரு காமிராவும் எந்தக் கிலோ மீட்டரில் நிற்கிறது என்பது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். ஆகவே இடமும் உடனே தெரிந்துவிடும். ரோந்து வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் தகவல் பறக்கும்.

காமிரா தூக்குமா?

காமிரா பார்க்கும், அடிபட்டவரைத் தூக்காது. ஆம்புலன்சு பக்கத்தில் இருந்தால்தான் பயன். உப்பங்காற்றில் காமிராக் கண்ணாடி மங்கும், கம்பம் துருப்பிடிக்கும். அடிக்கடி துடைக்காவிட்டால், கண் இருந்தும் குருடுதான். வைப்பதற்கு மட்டும் அல்ல, பராமரிப்பதற்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் தமிழக அரசுத் திட்டம், 18-12-2021 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கியது. ஆனால் உயிரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால்தானே சிகிச்சை!

நாம் செய்ய வேண்டியது

காமிரா வரும்வரை காத்திருக்க வேண்டாம். பயணத்தில் கிலோ மீட்டர் கல்லைக் கவனியுங்கள். விபத்தைக் கண்டால் 108-க்கோ, நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கோ போன் செய்து, கல்லில் உள்ள ஊரையும் எண்ணையும் சொல்லுங்கள். நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை 2019-ல் திருத்திய சட்டம் காப்பாற்றுகிறது. பயம் வேண்டாம்.