"ஒண்டும் செய்யாது, பயப்பிடாதைங்கோ"



நாய் வளர்க்கிற வீட்டு வாசலில் நாங்கள் எல்லாரும் கேட்ட வசனம் இது. ஆனால் அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறது யார்? தபால்காரர், பார்சல் கொண்டுவருபவர், மீற்றர் பார்ப்பவர், வயோதிபரைப் பராமரிக்க வருபவர். எங்கட ஆட்கள் கனபேர் செய்கிற வேலைகள் இவை. பிரித்தானியாவில் ரோயல் மெயில் தொழிலாளர்கள் மீது மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 நாய்த் தாக்குதல்கள் பதிவாகின்றன. கடிதத் துவாரத்துக்குள் விட்ட விரலைக் கடிபட்டவர்களும் இதில் இருக்கிறார்கள். ஆகவே நாய்க்கடி எனக்கு முதலில் ஒரு தொழிலாளர் பாதுகாப்புப் பிரச்சினை.

அரசின் பதில் என்ன? தடை. 1991இல் பிட்புல் உட்பட நான்கு வகை நாய்கள் தடைசெய்யப்பட்டன. பிறகு அதே வம்சத்திலிருந்து எக்ஸ்எல் புல்லி வந்தது. 2024 பெப்ரவரி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். எது எக்ஸ்எல் புல்லி? தோற்றம் பொருந்த வேண்டும், ஆண் நாய் தோள்வரை 20 அங்குலம், பெண் நாய் 19 அங்குலம் இருக்க வேண்டும். அதாவது அளவுநாடாதான் தீர்ப்புச் சொல்லுது. ஒரு அங்குலம் குறைந்த நாய் தெருவில் எவரையும் துரத்தினாலும் இந்தத் தடைக்குள் வராது. முப்பது வருடத் தடைக்குப் பிறகும் நாய்க்கடியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் தொகை குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது.

சிலர் இதை மனிதர் மீதான இனவாதத்தோடு ஒப்பிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாய் ஒடுக்கப்பட்ட சமூகம் இல்லை. பெரிய, பலமான நாய் கடித்தால் காயமும் பெரிதுதான், உயிரே போகலாம். பிள்ளையை இழந்த தாயிடம் போய் "எல்லா நாயும் நல்ல நாய்தான்" என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த விலக்குச் சான்றிதழின் நிபந்தனைகளைப் பாருங்கள்: வெளியே போனால் கயிறும் வாய்மூடியும், மைக்ரோசிப், கருத்தடை, பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான காப்புறுதி. எல்லாமே உரிமையாளரின் கடமைகள்! தடைச் சட்டத்துக்குள்ளேயே பாதுகாப்புத் தருகிற பகுதி இதுதான். அப்படியென்றால் ஏன் ஒரு வகைக்கு மட்டும்? கடிக்க வந்த எந்த நாயின் உரிமையாளருக்கும் இந்தக் கட்டளை போகவேண்டாமா?

இது கனவு இல்லை. ஸ்கொட்லாந்தில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நாயைக் கட்டுப்படுத்தாத உரிமையாளருக்கு, அது எந்த இனமென்றாலும், கவுன்சில் கட்டுப்பாட்டு அறிவித்தல் கொடுக்கலாம். வட அயர்லாந்தில் நாய்க்கு உரிமம் வேண்டும்: வருடம் 12.50 பவுண், வருமான உதவி பெறுவோருக்கு 5 பவுண். மற்ற இடங்களில் வெறும் 37 பென்ஸாக இருந்த உரிமத்தை தாட்சர் அரசு ஒழித்துவிட்டது. 2010க்குப் பிறகு கவுன்சில்களின் நிதியும் வெட்டப்பட்டது. நாய்க் கண்காணிப்பாளரும் அதே கவுன்சிலின் ஊழியர்தானே. தடை அறிவிப்பது மலிவு. கண்காணிப்புக்குத்தான் காசு வேணும்.

ஆகவே எங்கட கோரிக்கை மூன்று. ஒன்று, எல்லா நாய்க்கும் உரிமம், ஏழைகளுக்குச் சலுகையோடு. இரண்டு, இனத்தைப் பார்க்காமல் நடத்தையைப் பார்க்கும் கட்டுப்பாட்டு அறிவித்தல். மூன்று, அதை நடைமுறைப்படுத்தக் கவுன்சில்களுக்கு நிதி. காசுக்காகக் குட்டி பெருக்குகிறவர்கள் மீதும் இதே கண் இருக்கவேண்டும்.

போராடினால் கிடைக்கும். முன்பு தனியார் வீட்டு வளவுக்குள் நாய் கடித்தால், பெரும்பாலும் உரிமையாளர் மீது இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியாது. தபால் தொழிலாளர் சங்கமான சி.டபிள்யூ.யூ. பல வருடம் பிரச்சாரம் செய்தது. 2014இல் சட்டம் மாறியது.

சட்டம் வரும்வரை வீட்டில் நாய் வைத்திருக்கிற தோழர்கள் ஒன்றைச் செய்யலாம். மணி அடித்தால் முதலில் நாயை உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கோ, பிறகு வாசலைத் திறவுங்கோ. கடிதத் துவாரத்தின் உள்பக்கம் ஒரு கம்பிக்கூடை மாட்டுங்கோ. "ஒண்டும் செய்யாது" என்று சொல்லவேண்டிய தேவையே வராது.