விதியை எழுதியவர் யார்?

நாக் குழு வரும் வாரத்தில் கல்லூரி எப்படி மாறும் என்று நமக்குத் தெரியும். சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். கழிப்பறையில் தண்ணீர் வரும். அதுவரை எங்கே இருக்கிறதென்றே தெரியாத எஸ்சி, எஸ்டி பிரிவுக்குப் பெயர்ப்பலகை மாட்டுவார்கள். குழுவிடம் பேச 'நல்ல' மாணவர்களைப் பொறுக்கி எடுப்பார்கள். அதில் நாம் இருக்க மாட்டோம்.

ஆகவே, இனி கணினியே தரத்தை மதிப்பிடட்டும் என்று சொல்லும்போது நமக்கு உடனே எதிர்க்கத் தோன்றவில்லை. 2025 பிப்ரவரியில், ஆந்திராவில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு நல்ல தரம் கொடுக்க லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவினரையே சிபிஐ கைது செய்தது. கணினி லஞ்சம் கேட்காது. ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு சாதியை மோப்பம் பிடிக்காது.

ஆனால் 'எக்ஸ்பர்ட் சிஸ்டம்' என்பது என்ன? நிபுணர்களின் அறிவை 'இப்படி இருந்தால் இத்தனை மதிப்பெண்' என்று விதிகளாக்கிக் கணினிக்குள் வைப்பது. 2017இல் நாக் கொண்டுவந்த முறை இதற்கு அருகில் வருகிறது. சுமார் 70 விழுக்காடு மதிப்பெண், கல்லூரி தரும் எண்களையும் ஆவணங்களையும் வைத்தே கணக்கிடப்பட்டது. அதில் மாணவர் குறைதீர்ப்புக்கு ஓர் அளவுகோல் உண்டு. நான்கு ஏற்பாடுகளும் இருந்தால் முழு மதிப்பெண், மூன்று இருந்தால் ஒன்று குறையும். பாலியல் துன்புறுத்தலையும் ராகிங்கையும் பெயர் சொல்லிக் கேட்கும் அந்த வரி, சாதியைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. சாதி சொல்லித் திட்டிய பேராசிரியர் மீது புகாரே வரவில்லை என்றால், அது நிம்மதியா, பயமா? கணினிக்குப் பூஜ்யம் பூஜ்யம்தான்.

என்ஐஆர்எஃப் தரவரிசை இன்னும் சிக்கனம். உள்ளடக்கும் தன்மைக்கு 100க்கு 10. அதற்குள் சமூக, பொருளாதாரப் பின்னடைவுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆக மொத்தம் 2! அதையும் கட்டணச் சலுகையை வைத்தே அளக்கிறார்கள்.

டெல்லி எய்ம்ஸில் நடந்த பாகுபாட்டை எந்த அளவுகோலும் கண்டுபிடிக்கவில்லை. 2007இல் அறிக்கை தந்த தோரட் குழு மாணவர்களிடமே கேட்டது. விடுதியில் நம் பிள்ளைகள் ஒதுக்கப்பட்டு ஒரே பக்கம் சேர நேர்ந்தது அதில் பதிவானது. அந்த மாணவர்களும் நிபுணர்கள்தான். அவர்கள் அறிவு எந்த விதியில் ஏறியிருக்கிறது?

குழுவின் மூடிய அறைக்குள் நாம் நுழைய முடியாது. விதியை வாசிக்கலாம், மாற்றச் சொல்லிச் சண்டை போடலாம். இடைநின்றவர்கள் எத்தனை பேர், எந்தச் சமூகம்? நிரப்பாத பின்னடைவுப் பணியிடம் எத்தனை? உதவித்தொகை எத்தனை மாதம் தாமதம்? விதிகளில் இவை வரட்டும்.

தோழர்களே, உங்கள் கல்லூரியின் தன்மதிப்பீட்டு அறிக்கையை அதன் இணையதளத்தில் தேடுங்கள். ஐந்தாவது அளவுகோலைத் திறந்து, அங்கே எழுதியிருக்கும் குறைதீர்ப்புக் குழு எந்த அறையில் இருக்கிறது என்று அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.