முதன் முதலாகச் சேணத்தில்

ஊவா மலைச்சரிவுகளில் இருப்புப்பாதை வருவதற்கு முன்னர், தோட்டத் துரைமாருக்குக் குதிரையே வாகனமாக விளங்கிற்று. புகையிரதம் அப்புத்தளையை எட்டியது 1893இல். பதுளையை வந்தடைந்ததோ 1924இல். அந்நாளிலே குதிரைக்கு லாயம், தொழிலாளிக்கு லயம் என இரண்டும் தோட்டத்தில் இருந்தன. குதிரையைத் தேய்த்துத் துப்புரவாக்கி, கொள்ளு வைத்து, சேணம் பூட்டிக் கொடுத்தவர் நம்மவர்; ஏறி அமர்ந்தவர் துரை.

இன்று காலம் மாறிவிட்டது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக் குடும்பங்கள் ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியாவுக்குச் சென்றால், கிறகரி வாவிக் கரையில் வாடகைக் குதிரையைக் கண்டதும் பிள்ளைகள் ஏறவேண்டுமென்று அடம்பிடிக்கின்றனர். ஏறட்டும், மகிழ்ச்சியே! ஆனால், ஆசையோடு ஆயத்தமும் வேண்டாமா?

முதலில் உடையைக் கவனிப்போம். தலைக்கவசமின்றி ஏறுதல் கூடாது. குதிரை சாதுவானதேயாயினும் தரை சாதுவானதன்று! நீண்ட காற்சட்டை, தொடை உராயாமற் காக்கும். சிறிது குதியுயர்ந்த சப்பாத்து வேண்டும். செருப்பாயின் பாதம் அங்கவடியினுள் நழுவிச் சிக்கிக்கொள்ளும். விழுந்தவரைக் குதிரை இழுத்துச் செல்லும் விபத்து இவ்வாறே நேர்கிறது. கூந்தலை முடிந்துகொள்வதும், தொங்கும் ஆடைகளைத் தவிர்ப்பதும் நன்று.

அடுத்தது அணுகும் முறை. குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. ஆதலால் சுற்றிலும் ஏறக்குறைய அனைத்தையும் காணும் அதற்கு, நேர் பின்புறமும் மூக்கின் முன்னே சிறிதிடமும் தெரியமாட்டா. பின்னால் ஓசையின்றிச் சென்றால் அஞ்சி உதைக்கும். மெல்லப் பேசிக்கொண்டே தோட்பக்கமாகச் செல்லுதல் வேண்டும். காதுகளைப் பின்னோக்கி மடித்து ஒட்டினால், அது சினந்திருக்கிறதென்று அறிந்து விலகுதல் நலம்.

ஏறுமுன் வயிற்றுவார் இறுக்கமாக உள்ளதா எனப் பயிற்றுநரைப் பார்க்கச் சொல்லுங்கள். இடப்புறமிருந்து ஏறுவது மரபு. இடப்பக்கம் வாளைத் தொங்கவிட்ட வீரர்கள் வகுத்த வழக்கம் என்பர். அமர்ந்தபின் குதிகால் தாழ்ந்திருக்க, பார்வை முன்னோக்க வேண்டும். கடிவாளம் பிடித்துத் தொங்குவதற்கன்று. அதன் மறுமுனை ஓர் உயிரின் வாயில் இருக்கிறது.

இவற்றுட் பெரும்பகுதி அன்றைய லாயத்துக் குதிரைக்காரர் நன்கறிந்தவை. சேணத்தில் அமரும் உரிமை அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால், குதிரையின் குணத்தை அறிந்தவர் அவரே. இன்று ஏறும் பிள்ளைக்கு அந்த அறிவும் இந்த உரிமையும் ஒருங்கே கிட்டட்டும். இறங்கியதும் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுக்கவும், அதனைப் பிடித்து நடந்துவந்த தொழிலாளிக்கு நன்றி கூறவும் நம் பிள்ளைகளைப் பழக்குவோமாக.