கை வைத்தவன் மட்டும்தான் குற்றவாளியா?



நமது ஒர்க்‌ஷாப் சுவரில் தொங்கும் பாதுகாப்பு விதிகளை எல்லோரும் படித்திருப்பீர்கள். ஷூ போடு, சட்டையை இன் பண்ணு, சக் கீயை சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினை ஓட்டாதே... எல்லாம் சரிதான். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அத்தனை வரியும் மெஷின் முன்னால் நிற்பவனுக்குத்தான். ‘ஒரே ஆளை ரெண்டு மெஷினில் நிறுத்தாதே’ என்று, நிறுத்துகிறவருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை!

இரண்டு விமான விபத்துகளைப் பற்றிப் படித்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. மெக்கானிக்கல்காரனுக்கு ஆகாயத்தில் என்னடா வேலை என்று சிரிக்க வேண்டாம். விஷயம் நம்முடையதுதான்.

வானத்தில் விமானங்கள் இஷ்டத்துக்குப் பறப்பதில்லை. மாடி மாடியாக உயரம் பிரித்து, இன்னார் இந்த மாடியில், இந்த வழியில் போ என்று தரையிலிருந்து ஒருவர் சொல்கிறார். அவர்தான் ஏர் டிராபிக் கன்ட்ரோலர். 1976 செப்டம்பர் 10 அன்று, அன்றைய யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் நகருக்கு அருகே இரண்டு விமானங்கள் மோதின. ஒன்று லண்டனிலிருந்து இஸ்தான்புல் போன பிரிட்டிஷ் விமானம். இன்னொன்று ஸ்ப்ளிட் என்ற ஊரிலிருந்து ஜெர்மனிக்குப் போன யூகோஸ்லாவிய விமானம். 176 பேர் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்த நேரத்தில் மேல் உயரங்களைக் கவனித்த கன்ட்ரோலர் ஓர் இளைஞர். அடுத்த ஆள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. அவரைத் தேடி உதவியாளரும் எழுந்து போய்விட்டார். இரண்டு பேர் வேலையை இவர் ஒருவரே பார்த்துக் கொண்டிருந்தார். அப்போதுதான் கீழிருந்து ஏறிக்கொண்டிருந்த யூகோஸ்லாவிய விமானம் இவரைக் கூப்பிட்டது. ஆபத்து புரிந்ததும், இப்போது இருக்கிற உயரத்திலேயே நில்லுங்கள் என்றார். நின்றார்கள். நின்ற இடம் 33,000 அடி. பிரிட்டிஷ் விமானம் வந்து கொண்டிருந்ததும் அதே உயரம்!

அந்தக் கடைசிக் கட்டளையை அவர் ஆங்கிலத்தில் சொல்லவில்லை, பதற்றத்தில் தாய்மொழியில் சொல்லிவிட்டார். விதிப்படி அது தப்பு. பிரிட்டிஷ் விமானிகளுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. வைவாவில் ஆங்கிலம் தொண்டையில் சிக்கி, தமிழில் உளறிக் கொட்டும் தமிழ் மீடியம்காரர்களுக்கு அந்த நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வழக்கு நடந்தது. பலர் மீது குற்றம் சாட்டப்பட்டு, கடைசியில் தண்டனை கிடைத்தது அந்த ஒருவருக்கு மட்டும். ஏழு ஆண்டு சிறை. ஆள் பற்றாக்குறையில் அந்த நிலையத்தை நடத்தியவர்கள் வீட்டுக்குப் போனார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். சக கன்ட்ரோலர்கள் விடவில்லை. கையெழுத்து வாங்கினார்கள், மனுப் போட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்த பிறகு, 1978 கடைசியில் அவர் வெளியே வந்தார். சங்கம் எதற்கு, வருஷம் ஒரு மலர் போடவா என்று கேட்கும் நண்பர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லி வைக்கிறேன்.

சரி, பாடம் படித்தார்களா? 2002 ஜூலை 1 இரவு. சுவிட்சர்லாந்தின் ஜூரிச் கட்டுப்பாட்டு நிலையம். பணியில் இருவர். ஒருவர் ஓய்வுக்குப் போய்விட்டார். அது அங்கே வழக்கம். நிர்வாகத்துக்கும் தெரியும், கண்டுகொள்ளவில்லை. மிச்சமிருந்தவர் இரண்டு ரேடார் திரைகளுக்கு நடுவே மாறி மாறி உட்கார்ந்தார். அன்று பார்த்துப் பராமரிப்பு வேலை. மோதல் வரப்போகிறது என்று திரையில் காட்டும் எச்சரிக்கை வேலை செய்யவில்லை. பிரதான டெலிபோனும் நிறுத்தப்பட்டிருந்தது. தாமதமாக வந்த ஒரு விமானத்தை இறக்க, பக்கத்து விமான நிலையத்துக்கு லைன் கிடைக்காமல் அவர் போராடிக் கொண்டிருந்தார். ஜெர்மனியின் கார்ல்ஸ்ருஹே நிலையத்தில் இருந்தவர்கள் வரப்போகும் மோதலைத் தங்கள் திரையில் பார்த்துவிட்டு ஜூரிச்சுக்குப் போன் அடித்தார்கள், அடித்தார்கள், லைன் போகவே இல்லை.

கடைசி நிமிடத்தில்தான் அவர் கவனித்தார். ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். அதே விமானத்துக்குள் இருந்த தானியங்கிக் கருவியோ ஏறச் சொன்னது. விமானிகள் மனிதனை நம்பி இறங்கினார்கள். எதிரே வந்த சரக்கு விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கிக் கொண்டிருந்தது. 71 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் ஸ்பெயினுக்கு விடுமுறைக்குக் கிளம்பிய பள்ளிப் பிள்ளைகள். 2004இல் அந்த கன்ட்ரோலரை, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அந்த விமானத்தில் பறிகொடுத்த ஒருவர் வீடு தேடி வந்து குத்திக் கொன்றார். இதில் யாரை நினைத்து அழுவது, எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த முறை நீதிமன்றம் நாற்காலியில் இருந்தவரோடு நிற்கவில்லை. 2007இல் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த நான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் மூவர் மேலாளர்கள். அந்த மூவருக்கும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனைதான், ஒருநாள்கூட உள்ளே போகவில்லை. இருந்தாலும், ஷிப்டு போடுகிற கைக்கும் பொறுப்பு உண்டு என்று எழுத்தில் வந்ததே!

கன்ட்ரோலர் மேல் தப்பே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 176 குடும்பங்களிடம் போய் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவரிடமும் கேளுங்கள். அவரிடம் மட்டும் கேட்டுவிட்டு ஃபைலை மூடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

எங்க அப்பா பவர் பிரஸ் ஆபரேட்டர். இரண்டு கையாலும் இரண்டு பட்டன் அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். பீஸ் கணக்கு ஏறுவதற்காக ஒரு பட்டனை அமுக்கிக் கட்டி வைத்திருப்பார்கள். எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் அப்பாவோடு வேலை செய்தவருக்கு இரண்டு விரல் போனது. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று பேப்பர் எழுதி, அப்பாவிடம் சாட்சிக் கைநாட்டு வாங்கினார்கள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அதில் என்ன எழுதியிருந்தது என்று பிறகு யாரோ சொல்லித்தான் தெரியும். எழுதியவர் யார் தெரியுமா? டிப்ளமோ முடித்த சூப்பர்வைசர். நாளைக்கு நாம்!

நண்பர்களே, நம்மில் பலர் லேத் முன்னால் ரொம்ப நாள் நிற்கப் போவதில்லை. ஷிப்டு போடும் நோட்டும், விபத்து ரிப்போர்ட்டும் நம் கையில்தான் வரும். மேலிருந்து புரொடக்‌ஷன் கேட்பார்கள், கீழே ஆள் இருக்காது, நடுவில் நாம். எனவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். அடுத்த இன்பிளான்ட் டிரெய்னிங்கில் மெஷின் எத்தனை ஹெச்.பி. என்று குறிப்பெடுக்கிற அதே நோட்டில், நைட் ஷிப்டில் ஒருவர் சாப்பிடப் போனால் அவர் இடத்தில் யார் நிற்கிறார் என்பதையும் கேட்டு எழுதி வர ஏற்பாடு செய்யுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக் கொள்ளலாம்.