பால் பல்லில் கறுப்பு மருந்து: நமது நிலைப்பாடு

நமது பால்வாடிகளில் சொத்தைப் பல் உள்ள குழந்தைகளுக்கு சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்ற மருந்தைத் தடவலாமா, கூடாதா என்ற கேள்வி சென்ற பொதுக்குழுவில் கடும் வாதத்தில் முடிந்ததை உறுப்பினர்கள் அறிவார்கள். அதை மறுபடி கிளற விரும்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மும்பையின் தாராவியிலும் சீட்டா கேம்ப்பிலும் இதைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றியவற்றைப் பார்த்தபின், செயற்குழு வாய்மூடி இருக்க முடியாது. பெற்றோர் முழு விவரம் தெரிந்து சம்மதித்தால், பல் மருத்துவரின் மேற்பார்வையில், பொருத்தமான பற்களுக்கு இம்மருந்தைத் தடவுவதை நமது அமைப்பு ஆதரிக்கிறது. 'மேற்பார்வையில்', 'பொருத்தமான' என்ற இரு சொற்களும் நீண்ட வாதத்துக்குப் பின் சேர்க்கப்பட்டவை. அவற்றை விட்டுவிட்டு மீதியை மட்டும் யாரும் பரப்ப வேண்டாம்.

முதலில், "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்ற பேச்சு. பொதுக்குழுவில் படித்தவர்களே மேடையேறி இதைச் சொன்னது வருத்தத்துக்குரியது. முன்பற்கள் ஆறேழு வயதில் விழும், சரி. பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. இரண்டு வயதில் சொத்தையான கடைவாய்ப் பல்லோடு குழந்தை எட்டு வருடத்துக்கு மேல் வாழ வேண்டும். சீழ் பிடித்துப் பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்து, அடியில் வரவேண்டிய நிலைப்பல்லின் வழியை அடைக்கும். வலியால் ஒரு பக்கமாகவே மெல்லும் குழந்தையும், நடுராத்திரி எழுந்து அழும் குழந்தையும் நம் பால்வாடிகளில் இருப்பது ஆசிரியைகளுக்குத் தெரியும். 2002-03 தேசிய வாய்நலக் கணக்கெடுப்பிலேயே ஐந்து வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சொத்தை இருந்தது. உலகம் முழுவதும் 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால் பல் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் மதிப்பிட்டது. அத்தனை பேருக்கும் "விழுந்து முளைக்கும்" என்று சொல்லிவிடலாமா?

இந்த மருந்து தாராவிக்கென்று யாரோ கண்டுபிடித்த மலிவுச் சரக்கு அல்ல. ஜப்பானில் 1970 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 2014-இல் பல் கூச்சத்துக்கென அனுமதி பெற்று, சொத்தையை நிறுத்தவும் பயன்படுகிறது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. செய்முறை எளிது. உதட்டிலும் ஈறிலும் வாஸ்லின் பூசி, பல்லைப் பஞ்சால் ஒற்றி உலர்த்தி, நுனி பிரஷ்ஷால் தொட்டு, ஒரு நிமிடம் ஊற விட வேண்டும். ஊசி இல்லை, ராவுகிற மிஷின் சத்தம் இல்லை. வெள்ளி கிருமியைக் கொல்கிறது, ஃப்ளோரைடு மெலிந்த பல்லை இறுக்குகிறது. 38 சதவீதக் கரைசலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடவினால் பெரும்பாலான சொத்தைகள் அதற்கு மேல் போகாமல் நின்றுவிடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. எல்லாச் சொத்தையும் நிற்காது. நரம்பு வரை போன பல்லுக்கும் சீழ் கட்டிய பல்லுக்கும் இது பயன்படாது; வெள்ளி ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தடவக் கூடாது. இதன் பெரிய குறை ஒன்றே: சொத்தை இருக்கும் இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும்.

அந்தக் கறுப்பில்தான் எல்லாச் சண்டையும். எதிர்ப்பாளர்களின் வாதத்தை அவர்கள் வார்த்தையிலேயே சொல்கிறோம்: மாட்டுங்காவில் தனியார் கிளினிக்குக்குப் போகிற குழந்தைக்கு வெள்ளைப் பல், நம் பால்வாடிக்கு வருகிற குழந்தைக்குக் கறுப்புப் பல். ஏழை என்று நாமே நம் பிள்ளையின் வாயில் முத்திரை குத்துவதா? இந்த வாதத்தைச் செயற்குழு அலட்சியப்படுத்தவில்லை. பிறந்த இடத்தையும் தொழிலையும் வைத்து முத்திரை குத்தப்பட்ட வரலாறு உள்ள மக்கள் நாம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஒப்பீடு தவறு. கறுத்து இறுகிய பல்லா, வெள்ளைப் பல்லா என்ற தேர்வு நம் குழந்தைகள் முன்னால் இல்லை. கறுத்து இறுகிய பல்லா, பழுப்பேறி உள்ளே அரித்துக்கொண்டே போகும் பல்லா என்பதே இருக்கிற தேர்வு. வெள்ளையாக்கும் வழி என்ன என்று பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தை வாயைத் திறந்து அசையாமல் அரைமணி நேரம் உட்காராது. நாலைந்து பற்கள் என்றால் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் வேர் சிகிச்சையும் கேப்பும் செய்ய வேண்டிவரும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நீண்ட நேரமோ திரும்பத் திரும்பவோ பொது மயக்கம் கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 டிசம்பரில் எச்சரித்ததை நினைவில் கொள்ள வேண்டும். தனியாரில் அதற்கு ஆகும் செலவு ஒரு தோல் பட்டறைத் தொழிலாளியின் மாதச் சம்பளத்தோடு மல்லுக்கு நிற்கும். அரசு வழியில் மும்பை சென்ட்ரலில் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும், சிஎஸ்டி பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன, திறமைக்குக் குறைவில்லை. ஆனால் மான்கூர்ட்டில் ரயிலேறி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று நான்கு தடவை போய்வர, ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். அந்தக் கூலியை இழக்கப் போவது வெள்ளைப் பல் பேச்சுக்கு அன்று பொதுக்குழுவில் கைதட்டியவர்கள் அல்ல.

நியூயார்க் அரசுப் பள்ளிகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் இம்மருந்து வழக்கமான சிகிச்சைக்குச் சளைத்ததில்லை என்று தெரிந்தது. "அதுவும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகள்தானே" என்பார்கள். ஆம், பெரும்பாலும். சொத்தை எங்கே அதிகமோ அங்கேதான் மருந்து போகும். ஏற்றத்தாழ்வு மருந்தின் நிறத்தில் இல்லை. யார் வாயில் முதலில் சொத்தை விழுகிறது, யாருக்கு வேறு வழி கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. "பெண் குழந்தையாச்சே, முன்பல் கறுத்தால் யார் கட்டுவார்?" என்ற குரலுக்குப் பதில் சொல்லவே கூசுகிறது. அந்தப் பல் ஏழு வயதில் விழுந்துவிடும் ஐயா! அதே ஆட்கள்தான் பத்து நிமிடம் முன்பு "விழுந்து முளைக்கும்" என்றார்கள். இருந்தாலும் பெற்றோரின் மனத்தாங்கலை மதித்து, மேல் முன்பற்களுக்குத் தனிச் சம்மதம் பெற வேண்டும், தடவிய பல்லின் படத்தைக் காட்டியபின்பே கையெழுத்து வாங்க வேண்டும் எனத் தீர்மானித்திருக்கிறோம். கடைவாய்ப் பல்லில் மேலே பல் நிறச் சிமெண்ட் வைத்துக் கறுப்பை ஓரளவு மறைக்கலாம். வெள்ளைப் பல்லே வேண்டும் என்போருக்கு மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்து, இயன்றவரை பயணச் செலவும் தருவோம். வெள்ளைப் பல் கேட்டவர்களில் எவரேனும் ஒரு குழந்தையின் கேப் செலவை ஏற்பதானால் வரவேற்கிறோம். பொருளாளருக்கு இதுவரை அப்படி எந்தக் கடிதமும் வரவில்லை.

ஃப்ளோரைடு விஷம் என்பது தருமபுரிப் பக்கத்துச் சொந்தங்கள் வழியாக வந்த பயம். அங்கே பல்லையும் எலும்பையும் கெடுத்தது, ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்த நிலத்தடி நீர்; அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது. மும்பைக்கு வருவது ஏரித் தண்ணீர். மூன்று வயதுக்குக் கீழே பல் துலக்கும் ஒரு அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட்டை முழுக்க விழுங்கினாலும் உள்ளே போவது சுமார் 0.1 மில்லிகிராம் ஃப்ளோரைடு. உண்மையில் பயப்பட வேண்டியது சர்க்கரைக்குத்தான்: இந்தியாவில் விற்ற செரலாக் குழந்தை உணவில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ மூன்று கிராம் சேர்த்த சர்க்கரை இருந்ததை 2024-இல் பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு வெளிப்படுத்தியது; ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் விற்ற அதே வகையில் அது இல்லை. இதற்குத் தனித் தீர்மானம் வரும். இப்போதைக்கு, பால்வாடி விழாக்களில் மிட்டாயும் கிரீம் பிஸ்கட்டும் கிடையாது; நன்கொடையாக வந்தாலும் கிடையாது. இரவில் சர்க்கரைப் பால் பாட்டிலோடு தூங்க வைப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டும், ஆனால் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல். ஒற்றை அறையில் அழுகிற பிள்ளையை அமர்த்தாவிட்டால் விடியற்காலை வேலைக்குப் போகிற ஐந்து பேர் தூங்க முடியாது.

பல் பரிசோதனை முகாம்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2013-இல் பால்கரில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நோய்ப் பட்டியலில் பல் சொத்தையும் உண்டு. அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பார்க்க வேண்டும். கண்டுபிடித்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவது அதன் வழி. நாமும் வருடாவருடம் சொத்தையை எண்ணி, பிரஷ் கொடுத்து, பேனர் முன் படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். இனி சிகிச்சை இல்லாத முகாமுக்கு நமது பெயரைத் தருவதில்லை. ஆசிரியைகள் மாதம் ஒருமுறை குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கட்டும். ஈறோரம் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளை தெரிந்தால் அதுவே தொடக்கம். அந்தக் கட்டத்தில் பேஸ்ட்டும் ஃப்ளோரைடு வார்னிஷும் போதும், கறுப்புக்கு வேலையே வராது. மாநகராட்சியின் ஆப்லா தவாகானா பாலிகிளினிக்குகளில் குழந்தைப் பல்லுக்கென வாரம் ஒரு நாள் ஒதுக்கவும், இம்மருந்தை இலவசப் பட்டியலில் சேர்க்கவும் கோரி மனு அளிக்கப்படும்.

தமிழிலும் இந்தியிலும் சம்மதப் படிவம் தயாராகிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆசிரியை வாசித்துச் சொல்ல வேண்டும். கணவர் ஊரில் இருந்தால் தாயின் கையெழுத்தே போதும். ஓராண்டு கழித்து, தடவிய பற்களில் எத்தனை நின்றன, எத்தனை நிற்கவில்லை என்ற கணக்கை வைத்து இந்நிலைப்பாடு மறுபடி பார்க்கப்படும். செயற்குழுவில் உடன்படாதவர்களின் மாற்றுக்கருத்து, அவர்கள் கேட்டபடியே, இத்துடன் இணைக்கப்படுகிறது.