குடியம் குகைக்கு நாமும் போகலாமே!



ஆண்டுதோறும் சுற்றுலா அறிவிப்பு வந்ததும் நாம் கைதட்டி மகிழ்கிறோம். பேருந்தில் ஏறுகிறோம், பாட்டுப் பாடுகிறோம், மாமல்லபுரத்தில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறோம், புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து உண்டு, மாலையில் வீடு திரும்புகிறோம். இன்பமான நாள்தான்; மறுக்கவில்லை. ஆனால் அன்று நாம் நடந்த தூரம் எவ்வளவு?

சென்ற ஆண்டு என் அண்ணன் தம் வகுப்பு மாணவர்களுடன் திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள குடியம் குகைக்கு நடைப்பயணம் சென்று வந்தார். "நானும் போக வேண்டும்" என்றேன். "பெண் பிள்ளைக்குக் காடும் குகையும் எதற்கு?" என்றார் பாட்டி. அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

பொங்கல் விடுமுறையில் அப்பா என்னை அழைத்துச் சென்றார். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கினோம். சென்ட்ரலில் திருவள்ளூர் வண்டி பிடித்து, பிறகு பூண்டி வழியாகக் குடியம் சிற்றூரை அடைந்தோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் வழிகாட்ட, முட்புதர்க் காட்டினூடே ஒரு மணி நேரத்திற்கு மேல் நடந்தோம். செம்மண் பாதை; காலுக்கடியில் உருளும் கூழாங்கற்கள்; பறவைக் குரலன்றி வேறு ஓசையில்லை. திடீரென்று மலையே வாய் திறந்தாற்போல் குகை எதிரே நின்றது! அதன் கூரை முழுவதும் உருண்டைக் கற்கள் பதிந்திருந்தன. "மேலே தேன்கூடுகள் உள்ளன, உரக்கப் பேசாதே அம்மா" என்றார் பெரியவர். வகுப்பில் ஆசிரியை நூறு முறை சொல்லியும் அடங்காத என் வாய், அங்கே தானே அடங்கியது.

அந்தக் கற்களே ஆதி மனிதனுக்குக் கருவிகளாயின. நாம் நாள்தோறும் ரயிலில் கடக்கும் பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று, நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபுட் சரளைக் குழியொன்றில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியப் பழைய கற்கால ஆராய்ச்சி நம் வாசலில்தான் தொடங்கியது! அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும், குடியத்திற்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டனர். அங்கே முனைவர் சாந்தி பப்பு தலைமையிலான குழு 1999 முதல் அகழாய்வு நடத்தி, அக்கருவிகளுள் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011இல் உலகுக்கு அறிவித்தது. அக்குழுவின் தலைவர் ஒரு பெண்மணி என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டுகிறேன். அவரும் "பெண்ணுக்குக் காடு எதற்கு?" என்று வீட்டிலிருந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

"பாம்பு இருக்குமே, வெயில் கடுமையாயிற்றே, பாதுகாப்பு வேண்டாமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனால் பாம்பு அண்ணனுக்கும் உண்டு, வெயில் அவருக்கும் சுடும். அவருக்குக் கிடைத்த விடை முன்னேற்பாடு; நமக்குக் கிடைக்கும் விடையோ தடை! மார்கழி, தை மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம். வனத்துறையின் அனுமதி பெறலாம். இருபது மாணவியர், மூன்று ஆசிரியைகள், உள்ளூர் வழிகாட்டி, முதலுதவிப் பெட்டி, நல்ல காலணி, ஆளுக்கு இரண்டு புட்டி தண்ணீர் போதும். பாறையில் பெயர் கிறுக்குவதில்லை, கல்லொன்றும் எடுத்து வருவதில்லை, காகிதமொன்றும் போட்டு வருவதில்லை என உறுதி கூறுவோம். பல்லாவரம், திரிசூலம் மலைகளைக் கல்லுக்காக உடைத்தபோது நம்மில் யாருக்கு வலித்தது? காலால் நடந்து கண்டதைத்தான் மனம் தன்னுடையது என்று காக்கும்.

வீடு திரும்பியதும் பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சற்றுநேரம் பேசாமலிருந்தவர், "உன் வயதில் நான் தினமும் சுள்ளி பொறுக்க மலையேறுவேனடி. அங்கேயும் ஒரு குகை உண்டு. உள்ளே எட்டிப் பார்க்க நேரம் இருந்ததில்லை" என்றார்.

தோழியரே, விறகுக்காக ஏறலாம் என்றால் அறிவுக்காக ஏறக்கூடாதா? அடுத்த ஆண்டுச் சுற்றுலாவைக் குடியத்திற்கு அமைத்துத் தருமாறு, மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். நான் அப்போது இப்பள்ளியில் இல்லாமற்போனாலும், என் தங்கையர் எட்டிப் பார்த்து வரட்டும்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி